உயர்திணையை அஃறிணை ஆக்குவதா?

தமிழிலக்கணம் கற்கப் புகும் சிறுவன் முதற்கண் கற்பது திணை. மாந்தர் அனைவரும் உயர்திணை. ஏனைய உயிருள்ளனவும் உயிரில்லனவும் அஃறிணை. இப் பாகுபாட்டை நூற்பாவாக்கிய தொல்காப்பியர் குலம் பார்த்து மாந்தரைப் பிரித்தாரல்லர், செல்வம் பார்த்தாரல்லர், உடற்கூறு பார்த்தும் எவரையும் வெளியே தள்ளினாரல்லர். அத் தொல்காப்பியரின் மொழியைப் பேசும் நாட்டில், ஒரு திருநங்கை கடைத்தெருவில் நடந்து செல்வாராயின், அவரைச் சுட்டி எழும் முதற்சொல் 'அது' என்பதாக இருக்கின்றது. அடுத்து ஓர் எண்ணுப்பெயர் வருகின்றது. அதன்பின் சீழ்க்கை, அதன்பின் கல். அடிப்பவன் கைக்கு முன்னே அவன் நாக்கு அடித்து விடுகின்றது. ஒருவரை அஃறிணை என்று ஒதுக்கிய பின்னர், அவரைத் தாக்குவதற்கும் வெட்டுவதற்கும் உள்ளம் கூசுவதில்லை.

திருநங்கையர்க்கு மதிப்பளித்தல் ஏதோ மேனாட்டார் இக்காலத்தில் கண்ட கொள்கை என்றும், தமிழர்க்கும் அதற்கும் தொடர்பில்லை என்றும் எண்ணுவார் சொல்லதிகாரத்தை எடுத்துப் பார்க்க. கிளவியாக்கத்தின் நான்காம் நூற்பா, ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் பெயரையும் தெய்வத்தைக் குறிக்கும் பெயரையும் ஓரிடத்தில் வைத்துப் பேசுகின்றது. அவ்விரண்டிற்கும் தமக்கெனத் தனி ஈறு இல்லை. உயர்திணைக்குரிய பால் ஈறுகளையே அவை ஏற்று நடக்கும் என்பது அதன் கருத்து. தெய்வத்தோடு ஒருங்கு வைத்து எண்ணப்பட்டவரைத்தான் இன்று தெருநாயோடு ஒருங்கு வைத்து விரட்டுகின்றனர். பன்னிரண்டாம் நூற்பா இன்னும் ஒருபடி மேற்செல்கின்றது. ஆண்மை திரிந்தார் பெயர், ஆண்பாலை அறிவிக்கும் சொல்லை ஏற்பதற்கு இடமே இல்லை என்று அது முடிவு கட்டுகின்றது. உரையாசிரியன்மாரும் பேடி என்னும் எழுவாய்க்கு 'வந்தாள்' என்னும் பெண்பால் முடிபையே காட்டினர். எனவே, தம்மைப் பெண்ணென உணர்ந்து வாழும் ஒருவரை 'அவன்' என்பது பால்வழு. 'அது' என்பது திணைவழு. இவ் வழுவைத் தேர்வுத் தாளில் கண்டால் மதிப்பெண்ணைக் குறைக்கும் தமிழாசிரியர், பள்ளி வாயிலில் அதனைக் கேட்டால் சிரித்துவிட்டுப் போய்விடுகின்றார்.

பவணந்தியார் காலத்தில் ஒரு சறுக்கல் நேர்ந்ததையும் மறைத்தற்கில்லை. பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புவார் ஆண்பால், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புவார் பெண்பால் என 13 ஆம் நூற்றாண்டில் நன்னூல் வகுத்தது பெருமைக்குரியது. உடலைப் பாராது விருப்பத்தைப் பார்த்துப் பால் சொன்ன நூல் அது. இன்று திருநம்பியர் எனப்படுவார்க்கும் அதில் இடமுண்டு. ஆயின் அந் நூற்பாவின் இறுதி அடியில், இவ்விரு திறத்தாரும் அஃறிணை போலவும் வருவர் என ஒரு வாயிலைத் திறந்து வைத்துவிட்டார். உலக வழக்கைத் தழுவினார் என்று இதற்கு அமைதி கூறலாம். குழந்தை அழுதது என்றும்தான் தமிழில் வழங்குகின்றது. அதனால் குழந்தைக்கு இழிவில்லை. ஆனால் குழந்தையை 'அது' என்னும் தாயின் குரலும், திருநங்கையை 'அது' என்னும் சந்தைக் குரலும் ஒன்றாகா. பவணந்தியார் திறந்த வாயிலில் அவர் நினைத்தும் பார்த்திராத கூட்டமெல்லாம் நுழைந்துவிட்டது.

இனிக் கூத்தின் நிலை. சிலப்பதிகாரக் கடலாடு காதையில் மாதவி ஆடிய பதினொரு வகை ஆடல்களுள் பேடும் ஒன்று. காமன் பேடியுருக் கொண்டு ஆடிய ஆடல் அது. புகார்த் தெருவில் பேடிக்கோலத்தார் ஆடியதையும், மக்கள் அதனைச் சூழ்ந்து நின்று கண்டதையும் மணிமேகலை காட்டுகின்றது. ஆடலைக் கண்டு நின்றார்களே அன்றி, ஆடினாரை இல்லத்துக்கு அழைத்தார்கள் என்று அக் காப்பியம் கூறவில்லை. ஆடுங்கால் கைதட்டுவதும், ஆடி முடித்தபின் கைநீட்டி அடிப்பதும் இன்றைய திருவிழாக்களிலும் உள்ளனவே.

பின்னர் வெள்ளையன் ஆட்சி வந்தது. 1871 ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம் என்றால் தமிழ்நாட்டார்க்கு அதன் வழிவந்த கொடுமையும், 1920 இல் பெருங்காமநல்லூரில் கள்ளர் மக்கள் மீது நடந்த துமுக்கிச் சூடும் நினைவுக்கு வரும். அந்த முதற் சட்டத்திற்கு இரண்டாம் பகுதி ஒன்று இருந்தது என்பதைப் பலர் அறியார். அது வட இந்தியாவின் திருநங்கையரைக் குறிவைத்தது. அவர்களைப் பதிவேட்டில் எழுதினர். பதிவேட்டில் பெயர் ஏறியவர் பெண்ணுடை உடுத்தித் தெருவில் தோன்றினாலோ, பொதுவிடத்தில் ஆடினாலோ, இசைக்கருவி இயக்கினாலோ, பிடியாணை இல்லாமலே அவரைப் பிடிக்கலாம். இரண்டாண்டு வரை சிறையில் அடைக்கலாம். கலையே குற்றமாயிற்று! ஒரு கூட்டத்தின் வாயையும் காலையும் ஒருங்கே கட்டிப்போட வேண்டுமாயின் அதன் ஆடலையும் பாடலையும் தடுத்தால் போதும் என்பதை அவ் ஆட்சியாளர் நன்கு அறிந்திருந்தனர்.

வெள்ளையன் போய் எழுபத்திரண்டாண்டுகள் கழிந்தபின், 2019 இல் இந்தியப் பாராளுமன்றம் திருநங்கையர், திருநம்பியர் முதலியோர்க்குப் பாதுகாப்பு என்னும் பெயரில் ஒரு சட்டம் இயற்றிற்று. அச் சட்டம், அவர்களை உடலாலும் பாலியலாலும் கொடுமைப்படுத்துவார்க்கு விதித்த ஒறுப்பு ஆறு திங்கள் முதல் இரண்டாண்டு வரை சிறை. பெண்ணொருத்தியை வன்புணர்ந்தவனுக்குக் குறைந்தது பத்தாண்டுச் சிறை என 2018 இல் திருத்தம் செய்த அதே பாராளுமன்றந்தான் அடுத்த ஆண்டே இவ்வாறு அளந்தது. 1871 இல் திருநங்கை ஆடினால் இரண்டாண்டு. 2019 இல் திருநங்கையை அடித்தால் இரண்டாண்டு. வெள்ளையனுக்கும் கொள்ளையனுக்கும் துலாக்கோல் ஒன்றே போலும்!

சட்டம் கிடக்க. சட்டத்துக்கு முன்பே வீடு ஒன்று இருக்கின்றது. பிள்ளையின் நடையும் பேச்சும் மாறுவது கண்டு தகப்பன் கம்பை எடுக்கின்றான், உடன்பிறந்தான் கையை ஓங்குகின்றான், ஊர் நகைக்கின்றது, பள்ளி துரத்துகின்றது. பதினைந்து, பதினாறு அகவையில் தொடர்வண்டி ஏறிப் பம்பாய்க்கும் தில்லிக்கும் புனேவுக்கும் சென்றோர் பலர். அங்கே அவர்களைத் தாயாகவும் தமக்கையாகவும் ஏற்றுக்கொண்டவை வடபுலத்துத் திருநங்கையர் குழுக்கள். அதனால் அவர்தம் உறவுச் சொற்கள் குரு, சேலா, நானி என்றாயின. உடலை மாற்றும் அறுவைக்கு நிருவாணம் என்று பெயராயிற்று. தனித்தமிழ் அன்பர் சிலர் இச் சொற்களைக் கேட்டு முகஞ்சுளிப்பதுண்டு. முகஞ்சுளிக்குமுன் ஒன்றை எண்ணுதல் வேண்டும். பெற்றவளை 'அம்மா' என்று விளிக்க வாய்ப்பின்றி வாயில் அடைக்கப்பட்ட ஒருவர், வேற்றுமொழியில் ஓர் உறவுச் சொல்லைத் தேடிக்கொண்டது யார் குற்றம்? வடசொல் அவர்களை நாடி வந்து ஒட்டிக்கொண்டதன்று. தமிழ்நாடே அவர்களை வடசொல்லிடம் ஓட்டிவிட்டது.

அவ்வாறு ஓட்டப்பட்டவர்கள், பட்ட அடியைச் சொல்ல முற்பட்டபோது எம்மொழியை எடுத்தனர்? ஆண்டுக்கணக்கில் பேசிப் பழகிய இந்தியையன்று, தமிழையே எடுத்தனர்! 2005 இல் இரேவதி என்பார், தம்மைப் போன்றோரின் வாழ்க்கைக் கூற்றுகளைத் திரட்டி 'உணர்வும் உருவமும்' என்னும் நூலைத் தந்தார். 2007 இல் லிவிங் சுமைல் வித்தியா 'நான் வித்யா' என்று தம் தன்வரலாற்றை எழுதினார். அதே ஆண்டில் பிரியா பாபு 'நான் சரவணன் அல்ல' என்றொரு நூலை எழுதினார். மறு ஆண்டில் 'மூன்றாம் பாலின் முகம்' என்னும் புதினத்தையும் தந்தார். தமிழில் இலக்கியம் இல்லாத குறையைப் பற்றி மேடைதோறும் அரற்றுவோர், இரண்டு மூன்று ஆண்டுகளில் இத்தனை புதுநூல்கள் ஒரே கூட்டத்தாரிடமிருந்து வந்ததை எத்துணைப் பேர் கவனித்தனர்?

'நான் சரவணன் அல்ல' என்பதில் வழு உண்டு. 'அல்ல' என்பது அஃறிணைப் பன்மைக்கு உரியது. தன்மை ஒருமையில் 'அல்லேன்' என்றே வருதல் வேண்டும். தமிழாசிரியர் எவர் கண்ணிலும் இது முதலில் படும். ஆயின் வழுவைத் திருத்தப் புகுமுன், அவ் இலக்கணத்தைக் கற்பித்திருக்க வேண்டிய பள்ளிகள் இத்தகைய பிள்ளைகளை எவ்வாறு நடத்தின என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வகுப்பறையில் பிள்ளையையே அஃறிணையாக்கி நகைத்தவர்க்கு, அவர் நூற்பெயரில் உள்ள அஃறிணை முடிபைத் திருத்தும் உரிமை இல்லை.

இந் நூல்கள் இரக்கம் வேண்டி எழுதப்பட்டவையல்ல. அடித்தவன் யார், எவ்விடத்தில் அடித்தான், பக்கத்தில் நின்றோர் என்ன செய்தனர் என்பதை ஒரு வழக்குரைஞர் குறித்து வைப்பது போலக் குறித்து வைத்தவை. வித்தியாவின் நூல் அறுவைக்குச் செல்லும் தொடர்வண்டிப் பயணத்தோடு தொடங்குகின்றது. முறையான மருத்துவ ஏந்துகள் இல்லாத இடத்தில், உயிர் போனாலும் போகட்டும் என்று உடலைக் கத்திக்குக் கொடுத்த நிலையை அவர் எழுதியுள்ளார். மொழியியலில் முதுகலை பயின்ற ஒருவர் புனேத் தொடர்வண்டிகளில் கைதட்டி இரந்து நின்ற நாள்களையும் எழுதியுள்ளார். அவரைப் படிக்க வைத்து உயர்ந்த பதவியில் காணக் கனவு கண்ட தந்தையின் கைதான் அவரை முதலில் அடித்த கை என்பதையும் மறைக்கவில்லை. தந்தை மேல் அவர்க்கு வெறுப்பு மட்டும் இல்லை, அன்பும் இருக்கின்றது. அதனால்தான் அப் பக்கங்களை விரைந்து படித்துக் கடத்தல் அரிது. இரேவதியின் தன்வரலாறு நாமக்கல் பக்கத்துச் சிற்றூரில் தொடங்கி, உடன்பிறந்தோர் அடித்த அடி, வழியிடைக் கயவர் செய்த கொடுமை, காவல்நிலையத்தில் நேர்ந்த மானக்கேடு எனத் தொடர்கின்றது. அதற்கு அவர் இட்ட பெயர் 'வெள்ளை மொழி'. ஒளிவு மறைவு அறியாத பேச்சுக்கு அதனினும் நல்ல தமிழ்ப்பெயர் அமைதல் கடினம்.

அந் நூல் வெளிவந்த வகை தமிழ்ப் பதிப்புலகுக்கு நாணம் தரத்தக்கது. தமிழில் எழுதப்பட்ட அது, வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் 2010 இல் ஆங்கிலத்தில் முதலில் வெளிவந்தது. அடுத்த ஆண்டில்தான் தமிழில் வந்தது. தமிழ்மகள் ஒருத்தியின் அழுகுரல் ஆங்கிலம் வழியாகச் சுற்றிக்கொண்டு தமிழ்நாட்டுக்கு வர வேண்டியதாயிற்று. இந் நூல்களின் நடையில் ஆங்கிலச் சொற்கள் மண்டிக் கிடக்கின்றன என்பதும் உண்மையே. அது குறைதான். எனினும் வேற்றுச் சொல் ஒன்றும் இல்லாத தூய நடையில், உள்ளே ஒன்றுமே இல்லாத பாட்டுகளைத் திங்கள்தோறும் அச்சேற்றும் இதழ்களும் இங்கு உள்ளன. எது பெரிய குறை என்று படிப்பவரே முடிவு செய்துகொள்ளலாம்.

ஏட்டோடு நில்லாமல் மேடைக்கும் ஏறினர். கண்ணாடிக் கலைக்குழு என்னும் பெயரில் திருநங்கையரே கூடித் தம் வாழ்வை நாடகமாக்கினர். கண்ணாடி என்ற பெயர் பொருத்தமானது; பார்ப்பவன் அதில் ஆடுவோரை மட்டும் காண்பதில்லை. பின்னாளில் இரேவதி, அ. மங்கையின் இயக்கத்தில், 'வெள்ளை மொழி'யைத் தாமே மேடையில் நிகழ்த்தினார். அடிபட்ட உடலே அடியை நடித்துக் காட்டும்போது, அவையில் இருப்பவன் அதனைக் கற்பனை என்று தள்ளிவிட்டு எழுந்து போக முடியாது. 2014 இல் வித்தியாவும் தோழரும் சென்னையில் தொடங்கிய நாடகக் குழுவுக்குப் 'பன்மை' என்று பெயரிட்டனர். ஒருமை பன்மை என்று இலக்கணம் சொன்னதை வாழ்க்கைக்கு ஆக்கிக்கொண்ட நற்பெயர். அவர்கள் நிகழ்த்திய நாடகத்தின் பெயரோ ஆங்கிலம், அது வருத்தமே.

திரைப்படத்துக்கு வந்தால் நிலைமை தலைகீழ். 'நான் வித்யா' நூலைத் திரைப்படமாக்கியவர் தமிழரல்லர்; கன்னடர். இலிங்கதேவரு இயக்கிய அப் படத்தின் கன்னடப் பெயருக்குப் பொருள், 'நான் அவனல்லேன், அவள்' என்பதாம். தொல்காப்பியரின் பன்னிரண்டாம் நூற்பாவையே படப்பெயராக வைத்தாற் போல் இருக்கின்றது! அதில் நடித்த சஞ்சாரி விசய்க்குச் சிறந்த நடிகர்க்கான இந்திய அரசு விருதும் 2015 இல் கிடைத்தது. அதே 2015 இல் தமிழில் பெரும் பொருட்செலவில் சங்கரின் 'ஐ' வந்தது. ஐ என்னும் ஓரெழுத்து மொழிக்குத் தொல்காப்பியர் கூறும் பொருள் வியப்பு. அவ் வியப்புக்குரிய பெயரைத் தாங்கிய படம் திருநங்கை ஒருவரை அருவருப்புக்கும் நகைப்புக்கும் உரிய பொருளாகக் காட்டியது. திருநங்கையர் சென்னையில் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். படங்களுக்குத் தமிழ்ப்பெயர் இட்டால் வரிவிலக்கு என்று 2006 இல் அரசு அறிவித்தபோது தமிழியக்கத்தார் மகிழ்ந்தனர், மகிழ்ந்தது சரியே. ஆனால் பெயர்ப்பலகையைக் காத்தவர்கள், உள்ளே தமிழ்மகள் ஒருத்தி இழிக்கப்படுவதைப் பற்றிக் கேட்டார்களா? அன்று தெருவில் நின்றவர்கள் திருநங்கையர் மட்டுமே.

ஆடற்கலையில் ஒரு பெயரைச் சொன்னாற் போதும். மதுரையில் பிறந்து, வீட்டால் புறக்கணிக்கப்பட்டு, தஞ்சைக் கிட்டப்பா பிள்ளையிடம் ஆடல் பயின்றவர் நர்த்தகி நடராசு. 2019 இல் பதுமசிறீ எனப்படும் தாமரைத்திரு விருதைத் திருநங்கையருள் முதல்வராகப் பெற்றார். 2021 இல் தமிழ்நாட்டு வளர்ச்சிக் கொள்கைக் குழுவில் உறுப்பினரும் ஆனார். 1871 இல் எது சிறைக்குரிய குற்றமோ, அதற்கே 2019 இல் விருது. காலம் மாறியதால் மட்டும் இது நேர்ந்ததன்று. அடித்தாலும் ஆடுவேன் என்று ஒருவர் நின்றதால் நேர்ந்தது. ஒருவர்க்குக் கிடைத்த விருதைக் காட்டி ஓராயிரவர்க்கு விழும் அடியை மறைப்பவரும் உளர்.

சொல்லுக்கு மீண்டும் வருவோமாயின், தமிழியக்கத்தார் தலைகுனிய வேண்டிய இடம் ஒன்று உண்டு. 2008 இல் தமிழ்நாட்டரசு நலவாரியம் அமைத்தபோது அதற்கு அரவாணிகள் பெயரே இருந்தது. பாரதக் கதையின் அரவானை ஒட்டிய பெயர் அது. பின்னர்த் திருநங்கை என்னும் அழகிய தமிழ்ச்சொல் அரசு வழக்கிலும் நாட்டு வழக்கிலும் நிலைத்தது. நங்கை, நம்பி என்னும் பழந்தமிழ்ச் சொற்கள் உயர்ந்தாரைக் குறித்தவை. அதனைப் போல் ஏனைய பாலினத்தார்க்கும் மதிப்பான சொற்கள் வேண்டும் எனச் சென்னை உயர் நயன்மன்றம் வற்புறுத்தியதன் பின்னர், 2022 ஆகத்துத் திங்களில் ஒரு சொற்பட்டியல் அரசிதழில் வெளிவந்தது. கலைச்சொல் ஆக்கத்தைத் தன் தனிப்பணியாகக் கொண்ட இயக்கம் ஒன்று நூறாண்டாய் இந்நாட்டில் இருக்க, இச் சொற்களைக் கேட்டு வழக்குமன்றம் ஆணையிட வேண்டியதாயிற்று.

அந்த இயக்கத்தின் மேடைகள் அதுவரை என்ன சொல்லை வழங்கின? இந்தித் திணிப்புக்குத் துணைபோனவனைப் பழிக்கப் பேடி. போராட்டத்துக்கு வராதவனை இடித்துரைக்க அலி. விலைபோன தலைவனைத் தூற்ற ஆண்மையற்றவன். கைதட்டல் எழாத கூட்டமில்லை. வள்ளுவரே அவையஞ்சுவான் கற்ற நூலுக்குப் பேடி கைவாளை உவமை கூறியிருக்கின்றாரே எனச் சிலர் வாதிடலாம். கூறியிருக்கின்றார், மறைப்பதற்கில்லை. பெண்வழிச் சேறலையும் அவர் எழுதினார். அதனைக் காட்டி இன்று பெண்ணை இழித்துப் பேச எவரும் துணிவதில்லை. கோழையைக் கோழை என்று சொல்லத் தமிழில் கோழை என்னும் சொல் இருக்கின்றது. உண்மையில், பிறந்த வீட்டையும் ஊரையும் காவலையும் ஒருசேர எதிர்த்து, உடலையே கத்தியின் கீழ் வைத்துத் தம் பாலை நிலைநாட்டிக் கொண்டவரின் பெயர், வரிப்பணத்தில் விலைபோன கோழைக்கு ஆகுபெயராக எந்த வகையிலும் பொருந்தாது. இதுவும் ஒரு வழுவே.

அடுத்த கூட்டத்தில் பகைவனைப் பழிக்க அச் சொல்லை எடுக்கும் சொற்பொழிவாளர், அவையின் முன்வரிசையில் ஒரு திருநங்கை அமர்ந்திருக்கின்றார் என்று கொள்க. அவர் கிளவியாக்கம் படித்தவராகவும் இருக்கலாம்.